தேர்ச்சியின் விலை

சென்னை மாகாணத்துக் கல்வி வரலாற்றில் 1860களுக்குப் பிற்பட்ட நாற்பது ஆண்டுகளை மாணவனின் தேர்ச்சிக்கு ரூபாய், அணா கணக்கில் விலை குறிக்கப்பட்ட காலம் எனலாம். சங்கரநயினார்கோவில் தாலுகா என்று அன்றைய அரசு ஏடுகள் குறிப்பிட்ட நமது சங்கரன்கோவில் வட்டாரமும், திருநெல்வேலி ஜில்லாவின் ஏனைய பகுதிகளைப் போலவே இம்முறையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

அதற்கு முந்தைய நிலையை முதலில் அறிதல் வேண்டும். கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் விவரம் கேட்டு, 1826 மார்ச் 10 அன்று எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகக் கணக்கிட்டார். இவற்றுள் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அங்கே ஆண்டுத் தேர்வு என்பதே கிடையாது. மணலில் எழுத்துக் கூட்டிய பிள்ளை ஓலைக்கு வருவான். ஒரு சுவடியை முடித்தவன் அடுத்த சுவடியைத் தொடுவான். பக்கத்தில் இருப்பவன் எங்கிருக்கிறான் என்பது அவனுக்குப் பொருட்டன்று. நம் பள்ளிவாசல் மதரஸாக்களிலும் இதே நடைதான். அலிஃப், பா தொடங்கி அம்ம ஜுஸ்வு வழியாகக் குர்ஆனை ஓதி முடிக்கும் வரை, அன்றைய சபக்கை ஒப்புவித்தவனுக்கே மறுநாள் சபக் கிடைக்கும். ஒப்புவித்தலே தேர்வு, உஸ்தாதின் செவியே அளவுகோல். திண்ணை ஆசிரியரோ ஊரார் தரும் நெல்லிலும் காசிலும் வாழ்ந்தவர். எனவே ஊரார் மனநிறைவே அவருடைய மதிப்பெண்.

இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த சட்டதிட்டம் இந்நிலையைக் கடல் கடந்து வந்து மாற்றியது. ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறிய பிள்ளைக்கு, தேறிய பாடத்துக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம் சேரும். இங்கிலாந்தில் கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு இதனைக் கடுமையாக எதிர்த்தார். சென்னை அரசோ அதே பத்தாண்டில் இதைத் தழுவிக்கொண்டது. நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. பொதுப்பணம் எங்கே போகிறது என்று கேட்பது அரசின் கடமையன்றோ! ஆயினும், ஆசிரியரின் அரிசிப் பானை பிள்ளையின் ஒரு நாள் விடையைச் சார்ந்துவிட்டால் வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தேறக்கூடிய பிள்ளை மீது கவனம் குவியும். மந்தமானவன் மூலையில் உட்காருவான். ஆய்வாளர் கேட்காதது கற்பிக்கப்படாது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழுவும் தொடக்கப்பள்ளி அளவில் இம்முறையை ஆதரித்தது. கர்ஸன் பிரபு காலத்தில், 1904ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கைத் தீர்மானமே இதைக் கைவிடும் முடிவை அறிவித்தது.

தேர்வு என்பதே மேற்கத்தியச் சரக்கு என்று நம்மவருள் சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் தவறான சிகிச்சையால் ஒருவர் இறந்துபோக, கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு ஸாபித் என்னும் மருத்துவ அறிஞரிடம் சோதிக்கப்படாத எவரும் மருத்துவம் செய்யலாகாது என ஆணையிட்டார். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டதாக இப்னு அபீ உஸைபிஆ குறிப்பிடுகிறார். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் தேர்வு வந்தது. பள்ளிச் சிறுவனிடம் அது வரவில்லை. மதரஸாவில் நிலவியது இஜாஸா. நிறுவனமன்று, ஆசிரியரே, இன்ன நூலை இவர் என்னிடம் ஓதினார் என்று தம் பெயரில் அளிக்கும் அனுமதி அது. இதற்கும் களங்கம் உண்டு. ஹதீஸ் அறிவிப்புக்கான இஜாஸா, தொட்டிற் குழந்தைகளுக்கும் நேரில் காணாதவர்களுக்கும்கூட வழங்கப்பட்டுள்ளது. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் வேறொரு குறையைக் கண்டார். மொராக்கோ மதரஸாக்களில் மாணவருக்கு 16 ஆண்டுகள். துனிஸிலோ ஐந்தே ஆண்டுகள். ஆனால் நெடுங்காலம் அமர்ந்தவர்கள் மனனம் செய்தார்களே தவிர, வாய் திறந்து உரையாடி வாதிக்கவில்லை. அதனால் கலையில் ‘மலகா’ என்னும் பயின்ற ஆற்றல் அவர்களுக்கு வாய்க்கவில்லை என்கிறார். ஆண்டுகளை எண்ணுவதும் ஒருவகை மதிப்பெண்தான். 1866இல் தொடங்கிய தேவ்பந்த் தாருல் உலூம் வரையறுத்த பாடத்திட்டத்தையும் ஆண்டுத் தேர்வையும் ஏற்றபோது, ஆங்கிலக் கல்லூரியின் நிர்வாக முறை மதரஸாவுக்குள் நுழைந்தது. இன்று நம் அரபிக் கல்லூரிகளிலும் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, ஸனதும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது முன்னதை!

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1911 வாக்கில் மெட்ரிகுலேஷன் தேர்வின் இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. பழைய வீடுகளில் பழுப்பேறிக் கிடக்கும் அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டியவர்கள் அறிவர்: பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் பெற்ற மதிப்பெண்ணும் அதில் பதிவாகும். ஒரு நாள் தேர்வின் முடிவோடு, ஆண்டெல்லாம் பார்த்த ஆசிரியரின் கணிப்பும் நிற்கட்டும் என்பதே அதன் கருத்து. நல்ல சீர்திருத்தம். ஆனால் காலப்போக்கில் ஊரார் பார்த்தது பொதுத்தேர்வுப் பக்கத்தை மட்டுமே.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் 2012-13இல் தமிழக அரசு முப்பருவ முறையையும் தொடர் மதிப்பீட்டையும் எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. இங்கும் ஆசிரியரின் கணிப்புக்கே இடம் தேடப்பட்டது. பல பள்ளிகளில் அது படம் ஒட்டிய செயல்திட்ட நோட்டாகச் சுருங்கியதையும் கண்டோம். 2017இல் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் நின்றது. அதே ஆண்டு பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அது விடைபெற்றது. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு 2019இல் அறிவித்த பொதுத்தேர்வு, 2020 பிப்ரவரியில், நடவாமலே திரும்பப் பெறப்பட்டது.

2021இல் பெருந்தொற்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை நடத்த இயலவில்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவருக்கு எப்படியேனும் மதிப்பெண் தந்தாக வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று அரசு பங்கிட்டது. பழைய பொதுத்தேர்வுகளுக்கு எழுபது. கண்முன்னே அந்த மாணவனை வைத்துப் பாடம் சொன்ன ஆசிரியரின் பங்கு அந்த முப்பதுக்குள் அடங்கியது.