ரூப்மதி செய்த குற்றம்

பல வருடங்களுக்கு முன் ஆண்டு பத்து வகுப்பில் மொகலாயர் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒரு பெண்ணின் அழகில் மயங்கி மாள்வா இராச்சியத்தையே இழந்தான் பாஸ் பகதூர்" என்றேன். ஆசிரிய கலாசாலை நாட்களில் எங்கோ வாசித்த வசனம் அது. பின் வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அதுக்கு அவ என்ன செஞ்சா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தக் கேள்விதான் என்னைத் தேடி வாசிக்க வைத்தது.

பாஸ் பகதூரின் இயற்பெயர் பாயஸீத். தந்தை ஷுஜாஅத் கான், சூர் வம்சத்தாரின் கீழ் மாள்வாவை ஆண்டவர். அவர் இறந்த பின், 1555 அளவில், மகன் தன்னைச் சுல்தானாக அறிவித்துக்கொண்டான். அதற்காகச் சொந்தச் சகோதரனைக் கொல்லவும் தயங்கவில்லை. பின்னர் கோண்ட்வானா மீது படையெடுத்து ராணி துர்காவதியிடம் படுதோல்வி கண்டான். அதன் பிறகே படையை மறந்து பாட்டில் மூழ்கினான் என்பர். ஆகவே, அவனது சரிவுக்கு ரூப்மதியை முதற் காரணமாக்க இயலாது.

மாண்டு மலைக்கோட்டையின் தெற்கு விளிம்பில் ரூப்மதி மண்டபம் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து அவள் தொலைவில் நர்மதையைப் பார்த்திருப்பாள் என்பது செவிவழிக் கதை. உண்மையில் அது படைக் காவலுக்கென எழுந்த கட்டடம். கீழேயுள்ள பாஸ் பகதூர் மாளிகையும் அவன் கட்டியதல்ல. 1508-09இல் நாஸிருத்தீன் கில்ஜி கட்டியதென அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. எதிரியைப் பார்க்கக் கட்டிய இடத்திலிருந்து ஆற்றைப் பார்த்தார்கள் என்றால், அந்தத் தவறு அரசனுடையதுதான்.

1561இல் அக்பரின் படை வந்தது. தலைமை தாங்கியவர்கள் அக்பரின் செவிலித்தாய் மாஹம் அனகாவின் மகன் அதாம் கானும், பீர் முஹம்மத் கானும். ஸாரங்பூரில் பாஸ் பகதூர் தோற்று ஓடினான். தோல்வி நேர்ந்தால் அந்தப்புரப் பெண்களை வெட்டிவிட வேண்டுமென்று அவன் முன்பே கட்டளையிட்டிருந்ததாக அபுல் பஸ்ல் எழுதுகிறார். ரூப்மதி மீதும் வாள் விழுந்தது, உயிர் போகவில்லை. அதாம் கான் அவளை அடைய விரும்பினான். அவள் நஞ்சருந்தி மாண்டாள்.

அன்று ஸாரங்பூரில் இறந்தவள் அவள் மட்டுமல்ல. குர்ஆனை ஏந்தி வந்த ஸெய்யிதுகளும் ஷெய்குகளும்கூடக் கொல்லப்பட்டதைப் பதாயூனி வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அவர்களை எந்த அழகு அழித்தது?

அதாம் கானின் ஆணவம் அதோடு அடங்கவில்லை. 1562இல் அமைச்சர் அத்கா கானைக் கொன்றான். அதற்காக அக்பர் அவனை அரண்மனை மாடியிலிருந்து எறிவித்தார். சில வாரங்களில் தாயும் இறந்தாள். பாஸ் பகதூரோ அலைந்து திரிந்து, 1570இல் அக்பரிடம் சரணடைந்து பதவி பெற்றான். 'ஆயினே அக்பரி' தரும் பாடகர் பட்டியலிலும் அவன் பெயர் இருக்கிறது. அவளை வெட்டச் சொன்னவன் அவையில் பாடி வாழ்ந்தான்.

அவன் அவளை நேசிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனக்கில்லாதது எவருக்கும் இருக்கக் கூடாது என்று நினைப்பதைக் காதலென்று கொண்டாட என்னால் முடியவில்லை. நேசித்தவனும் வென்றவனும் அவளை ஓர் உடைமையாகவே கண்டார்கள். பழியைச் சுமந்தது மட்டும் அவளுடைய அழகு.

அன்று கேள்வி கேட்ட பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. யாரோ ஒரு பையன் கடிதம் கொடுத்தானாம். "அழகான புள்ள, காலம் கெட்டுக் கிடக்கு சேர்" என்று வாப்பா வந்து நிறுத்திக்கொண்டு போனார். நான் மறுத்துப் பேசவில்லை. கடிதம் கொடுத்தவன் மறுநாளும் வகுப்புக்கு வந்தான்.

இப்போது அந்தப் பாடத்தை நான் வேறு விதமாகச் சொல்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடை அது. அவள்தான் வகுப்பில் இல்லை.