எல்லைப்புறத்தின் ஏடும் கல்லும்

தவளக்குப்பத்திலிருந்து கடலூர் நோக்கிச் செல்லும் சாலையில் முள்ளோடையோடு புதுவைப் பிரதேசம் முடிந்துவிடுகிறது. மேற்கே பாகூர், வில்லியனூர்ப் பக்கம் திரும்பினாலோ, தமிழகத்து நிலமும் புதுவை நிலமும் ஒன்றையொன்று ஊடுருவிக் கிடக்கின்றன. பாகூர் ஏரியை நிரப்பும் பங்காரு வாய்க்கால் தமிழகத்துச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்தே புறப்பட்டு வருகிறது. நவாபுகள் வழங்கிய தானங்களாலும், 1752-இல் பாகூரில் லாரன்ஸ் தலைமையில் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் படையை முறியடித்தது போன்ற யுத்தங்களாலும், பின்னர் ஐரோப்பாவில் எழுதப்பட்ட உடன்படிக்கைகளாலும் உருவான எல்லை இது. நிலத்தைச் சிதறடித்த அந்த எல்லை, நிலத்தின் சரித்திரத்தையும் சிதறடித்தது.

அச்சரித்திரத்தை ஓரிடத்தில் சேர்க்க நடந்த ஒரு பெருமுயற்சி, 1911-இல் ஆளுநர் அல்பிரெத் மர்த்தினோ புதுவையில் நிறுவிய பிரெஞ்சிந்திய சரித்திர சங்கம். ஆளுகையின் அலுவல்களுக்கிடையே பழைய ஆவணங்களைத் தாமே ஆராய்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் ஆளுநர் துய்ப்ளேக்ஸைப் பற்றி விரிவான நூல் எழுதிய அந்த அறிஞரின் சிரத்தையால், கரையானுக்கும் கடற்காற்றுக்கும் இரையாகிக்கொண்டிருந்த காகிதங்கள் அட்டவணைப்படுத்தப்பட்டு அச்சேறின. சங்கத்தின் அந்த உபகாரம் மறக்கத் தக்கதன்று. ஆயினும் அதன் கண் பெரும்பாலும் கோட்டையையும் கும்பினியையும் சுற்றியே நின்றது. 1736 முதல் 1761 வரையிலான காலத்தைச் சொல்லும், துய்ப்ளேக்ஸின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரிக் குறிப்பு தமிழிலேயே எழுதப்பட்டதாயிருந்தும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சென்னையில் 1904-இல் தொடங்கி 1928-இல் பன்னிரண்டு தொகுதிகளாக முற்றுப்பெற்ற பின்னர், 1948-இல்தான் தமிழ் மூலம் புதுவையில் அச்சேறத் தொடங்கியது என்பதை எண்ணும்போது நெஞ்சு வருந்துகிறது.

கிராமங்களின் பழமையோ அதற்கும் அப்பாற்பட்டது. தவளக்குப்பத்துக்கு வடக்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் பொறிப்புக் கற்களையும் கண்டு, 1937-இல் அம்மேட்டின் தொன்மையை உணர்த்தியவர், புதுவைக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ழுவோ துப்ரேய்; 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமாபுரியோடு நடந்த வாணிபத்தை உலகறியச் செய்தார். பாகூர்ச் செப்பேடுகள் 1879-இலேயே வெளிப்பட்டவை. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்ட செய்தியை வடமொழியிலும் தமிழிலும் சொல்லும் அந்த ஐந்து ஏடுகள் கடல் கடந்து பாரிஸ் நூலகத்தைச் சேர்ந்தன. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே உயர்கல்விக்கு நிலையம் கண்ட ஊரின் பிள்ளைகள், அதற்குச் சான்றான ஏட்டைத் தம் ஊரில் காண முடியாமற் போயிற்று.

இனிக் கல்வெட்டுகள். பாகூர் மூலநாதர் கோயிற் சுவர்களில் சோழரின் சாசனங்களோடு, தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றிய இராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனின் சாசனங்களும் உள்ளன. சபையாரின் நிர்வாகமும் நிலக்கொடையும் ஏரிப் பராமரிப்பும் பெரும்பாலும் இத்தகைய கற்களிலேயே பதிந்துள்ளன. மர்த்தினோவின் சங்கம் காகிதங்களைத் திரட்டியது போல இக்கற்களைத் திரட்டும் பணியை மேற்கொண்டவர், பாகூர் மண்ணின் பெயரையே தம் பெயரோடு தாங்கிய புலவர் சு. குப்புசாமி. அவர் தொகுத்த புதுச்சேரிக் கல்வெட்டுகள், கோ. விஜயவேணுகோபாலைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் வெளியீடாக 2006-இல் முதற்பகுதி கண்டன. எல்லைப்புறத்துக் குடிமக்களின் சரித்திரத்துக்கு ஆளுநர்களின் கடிதங்களைவிட இத்தொகுப்பே ஆதாரமானது என்பது என் துணிபு.

ஆகவே வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களிலுள்ள கோயில் தர்மகர்த்தாக்களையும் ஊர்ப் பெரியவர்களையும் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. திருப்பணி தொடங்குமுன், எழுத்துள்ள கற்களுக்கு மைப்படி எடுக்கச் செய்யுங்கள். அவற்றின்மேல் சுண்ணாம்போ வர்ணமோ பூசாதீர்கள். மணல் வீசிச் சுத்தம் செய்ய ஒருபோதும் இடந்தராதீர்கள். பிரித்தெடுத்த கல்லைப் படிக்கட்டுக்குப் போடாமல் கோயிலுக்குள்ளேயே பத்திரப்படுத்துங்கள்.