17 ஹ்ரிவ்னியா முட்டை

2023 ஜனவரியில் உக்ரைனைக் கொதிக்க வைத்தது ஒரு முட்டை. ராணுவச் சாப்பாட்டு ஒப்பந்தத்தில் அதன் விலை 17 ஹ்ரிவ்னியா. கீவ் கடைகளில் அப்போது 7தான். அகழியில் நிற்பவனின் தட்டிலிருந்துமா எடுப்பார்கள்?

பேராசை என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. சோவியத் காலத்தில் கையில் காசு இருந்தாலும் கடையில் பொருள் இருக்காது. ஷூவோ மருந்தோ, தெரிந்த ஆள் வேண்டும். இதற்கு ரஷ்ய மொழியில் 'பிளாட்' என்று பெயர். நம்ம ஊர் சிபாரிசு மாதிரிதான். பெரும்பாலும் காசு கைமாறாது, இன்னைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. 1991க்குப் பிறகு அரசுச் சொத்துகள் தனியாருக்குப் போனபோது கையெழுத்துப் போடும் இடத்தில் பெரும்பாலும் இந்தத் தெரிந்த ஆட்களே இருந்தார்கள். கையெழுத்துக்கு விலை வந்தது.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் அடுத்த கதைதான் எனக்கு நெருக்கம். 2014 மைதான் எழுச்சிக்குப் பின் தன்னார்வலர்கள் சேர்ந்து 'புரோசோரோ' என்ற மின்னணுக் கொள்முதல் அமைப்பை உருவாக்கினார்கள். ஓப்பன் சோர்ஸ். ஏலம் மூன்று சுற்று; நடக்கும்போது எதிரே யார் என்று போட்டியாளருக்குத் தெரியாது. முடிந்ததும் யார் என்ன விலை கேட்டார், யாரை ஏன் நிராகரித்தார்கள் என்பதெல்லாம் பொதுவில் வந்துவிடும். 2016 ஆகஸ்ட் முதல் அரசுக் கொள்முதலுக்கு இது கட்டாயமானது. உடனே ஏமாற்றவும் வழி கண்டார்கள்: ஒரே கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி தகுதி விதி எழுதுவது. (டெண்டர் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.) ஆனால் அந்த விதியும் எல்லோர் கண்ணிலும் படும்.

முட்டை வாங்கியது இந்த வெளிச்சத்துக்கு வெளியே. போர்க்கால ரகசியம் என்று ராணுவ ஒப்பந்தங்களை மூடி வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் யூரி நிக்கோலோவ் அதை எழுதிய சில நாட்களில் பாதுகாப்புத் துணை அமைச்சர் ஒருவர் பதவி விலகினார்.

தெரிந்துவிட்டால் மட்டும் ஆயிற்றா? பிடிக்கவும் தண்டிக்கவும் ஆள் வேண்டும். அதற்காக 2015இல் 'நாபு' என்ற ஊழல் புலனாய்வு அமைப்பையும், 2019இல் தனி நீதிமன்றத்தையும் கொண்டுவந்தார்கள். என் கணக்கில் புரோசோரோவைவிட இதுதான் கடினமான வேலை. சர்வரை அணைப்பதைவிட ஒரு புலனாய்வு அமைப்பின் கையைக் கட்டுவது சுலபம். 2025 ஜூலை 22 அன்று நாடாளுமன்றம் ஒரே நாளில் நாபுவைத் தலைமை வழக்கறிஞரின் பிடிக்குள் கொண்டுபோனது. குண்டு விழும் ஊரில், அட்டையைக் கிழித்து வாசகம் எழுதிக்கொண்டு இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். 31ஆம் தேதி அதே நாடாளுமன்றம் பழைய அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. நவம்பரில் அரசு அணுமின் நிறுவனத்தின் ஒப்பந்தங்களில் கமிஷன் வாங்கியதாக நாபு ஒரு வழக்கை வெளியே கொண்டுவந்தது. இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள்.