ஆல்பத்தில் இருக்கும் ஊர்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1991 மே 21 தான் ஞாபகம் வரும். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில், உடன் இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா கிடைத்தது. அதிலிருந்த பத்துப் படங்கள்தான் புலனாய்வுக்கு வழிகாட்டின. உலகம் பார்த்த ஸ்ரீபெரும்புதூர் அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் பீரோவில் வைத்திருக்கும் படங்களை யார் கேட்டார்கள்?

இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள்; 1998-ல் சான்ட்ரோ வந்தது. நோக்கியா 2006-ல் வந்து 2014-ல் மூடிவிட்டது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான். இதெல்லாம் கம்பெனிகளின் சரித்திரம். ஊரின் சரித்திரம் கல்யாண ஆல்பத்தில், மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறது: ஏரிக்கரை, களத்துமேடு, ஓட்டு வீட்டுத் திண்ணை. எடுத்தவர் அதையெல்லாம் கவனித்திருக்கவே மாட்டார். இன்று அதுவே சாட்சி.

படத்தைக் காட்டிப் பேச்சுக் கொடுப்பது ஆய்வாளர்கள் கைக்கொண்ட முறைதான். அமெரிக்கரான ஜான் காலியர் 1957-லேயே இதைப் பற்றி எழுதினார். வெறும் கேள்வி கேட்டால் சீக்கிரம் தீர்ந்துபோகும் பேச்சு, படம் நடுவே இருந்தால் நீளும் என்று கண்டார். நம் பக்கத்திலேயே, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பதிவுசெய்திருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. கேமராவுக்கு முன் நிற்க எல்லோருக்கும் வசதி இருந்ததில்லை. நாற்று நட்டவர்களின் படம் அதிகம் கிடைக்காது; அவர்களிடம் வாய்மொழியாகத்தான் கேட்க வேண்டும். பிறந்தவர்களுக்கு மட்டும்தான் ஊரா? ஆலை வேலைக்கு வந்து வாடகை அறையில் இருந்தவர்களுக்கும் இது ஊர்தான். ஊர்ப்பற்று நிலப்பத்திரத்தோடு முடிவதில்லை. வேறெங்கோ குடியேறியவர்களும் சித்திரைத் திருவாதிரைக்கு ராமானுஜர் சன்னிதிக்குத் திரும்பி வருகிறார்களே!

ஆகவே நண்பர்களே, அடுத்த சந்திப்புக்கு ஆளுக்கு ஒரு பழைய படம் கொண்டு வாருங்கள். பின்புறம் இடம், வருடம், நிற்பவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். மாணவர்கள் பிரதி எடுத்துக்கொண்டு மூலப்படத்தைத் திருப்பித் தரட்டும். "இது எந்த இடம் தாத்தா?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போதே கேட்டுவிடுவோம்.