தரங்கம்பாடியின் மருத்துவச் சுவடியும் திண்டிவனத்தின் மூன்று அழைப்புகளும்

விழுப்புரத்தை அடுத்த காணையிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் சபை மக்களைச் சந்திக்கச் செல்லும் போதகர், பல வீடுகளில் அடுக்களையே முதல் மருந்தகமாக விளங்குவதைக் காண்பார். இருமலுக்குத் தூதுவளை, வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி, சளிக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த கஷாயம் என்பன தாய்மார் வழிவழியாக அறிந்தவை. இவ்வறிவைத் திருச்சபை எவ்வாறு நோக்கிற்று என்பதை வரலாற்றின் ஒளியில் ஆராய்வோம்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், இரண்டே ஆண்டுகளில் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். 1709இல் வந்து அவரோடு இணைந்த கிருண்ட்லர், தமிழ் மருத்துவத்தைக் குறித்து 1711இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வரைந்தார். அதன் பெயர் 'மலபார் வைத்தியன்' எனப் பொருள்படும். தமிழரை ஐரோப்பியர் அந்நாளில் மலபாரிகள் என்றே அழைத்தனர். இவர்களை அனுப்பிய ஹாலே நகர நிறுவனமோ புகழ்பெற்ற மருந்துச்சாலையைத் தன்னகத்தே கொண்டிருந்தது. அதன் மருந்துகள் கப்பலேறித் தரங்கம்பாடிக்கும் வந்தன. அவ்வாறிருந்தும், கற்பிக்க வந்தவர் இந்நாட்டாரிடம் கற்கவும் அமர்ந்தார் என்பதே நாம் கருதத்தக்கது. ஆயினும் அந்நூல் அக்காலத்தில் அச்சேறாமல் கையெழுத்துப் படியாகவே தங்கிற்று.

அவ்வார்வம் அவரோடு மறையவில்லை. லின்னேயஸின் மாணாக்கரான கோனிக், 1768இல் மிஷன் மருத்துவராக வந்து இந்நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்தார். 1776இல் வந்த ராட்லர் ஐயர் போதகப் பணியோடு தாவரங்களையும் சேகரித்தார். தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். மக்களின் சொல்லை அறிவதும் அவர்தம் மண்ணில் முளைப்பதை அறிவதும் அவருக்கு ஊழியத்திற்குப் புறம்பாகத் தோன்றவில்லை.

எனினும் மூலிகையின் எல்லையையும் நம் பகுதியின் வரலாறே உணர்த்துகின்றது. 1890களில் ஓர் இரவு, திண்டிவனத்து மிஷன் பங்களாவின் கதவை மூவர் ஒருவர்பின் ஒருவராகத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். மருத்துவரான ஜான் ஸ்கடர் வீட்டிலேயே இருந்தும், ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. அவருடைய மகள் ஐடாவோ அன்று மருத்துவம் கல்லாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மரணங்களே ஐடா ஸ்கடரை மருத்துவக் கல்விக்கும், பின்னர் வேலூர்ப் பணிக்கும் அழைத்தன. அன்று தேவைப்பட்டது கஷாயமன்று. தேர்ந்த கரமும், அதனை உள்ளே விடும் திறந்த கதவுமே.

ஆகவே போதகர்க்குரிய பாடம் இருவகைப்பட்டது. எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையை இடச்சொன்ன ஏசாயா, ஜெபத்தையும் மருந்தையும் பகையாக்கவில்லை. 2012இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழக அரசும் நிலவேம்புக் குடிநீரை வழங்கிற்று. எனவே மூலிகையை அஞ்ஞானம் என்று இகழ்தல் தகாது. அதேவேளையில் பாம்புக்கடி, கடினப் பிரசவம், நீங்காத காய்ச்சல், மஞ்சட்காமாலை ஆகியவற்றில் கைமருந்தை நம்பிக் காலந்தாழ்த்துவது விசுவாசமாகாது. கிருண்ட்லரைப்போலக் கேட்கும் செவியும், திண்டிவனத்து இரவை மறவாத மனமும் நமக்கு ஒருங்கே வேண்டும். கிராமச் சபையின் கதவு தட்டப்படும்போது நாம் எதற்கு ஆயத்தமாயிருக்கிறோம்?