ஆய்வுத் திருட்டும் கொல்லிமலைக் களமும்

பிறர் எழுதியதையோ கண்டறிந்ததையோ அவர் பெயரைச் சொல்லாமல் தம்முடையதாகக் காட்டுவது ஆய்வுத் திருட்டு. குறிப்பெடுக்கும்போது நூற்பெயரையும் பக்க எண்ணையும் எழுதாமல் விட்டு, பிறகு அதைத் தம் சொந்த வரியென்று நினைத்து ஆய்வேட்டில் சேர்த்துவிடுவதும் இதில் அடங்கும். தெரியாமல் நடந்தது என்பதால் குற்றம் நீங்கிவிடாது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, தாவரவியல், மானிடவியல், வேளாண்மை, தமிழ் எனப் பல துறை ஆய்வாளர்கள் ஏறி இறங்கும் களம். இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் சிறுதானியங்களைக் காப்பதில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து ஈடுபட்டு வருகிறது. ஒரே மலையைப் பற்றிப் பலர் எழுதும்போது வழுக்கும் இடம் ‘ஆய்வுக் களம்’ என்ற இயல். 70 கொண்டை ஊசி வளைவுகள், வல்வில் ஓரி, அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி ஆகியவை எல்லோரும் அறிந்த செய்திகள். இவற்றுக்கு மேற்கோள் வேண்டியதில்லை. ஆனால் முந்தைய ஆய்வேட்டின் பத்தியை அதே வரிசையில் வைத்துக்கொண்டு வினைமுற்றுகளை மட்டும் மாற்றுவது திருட்டுத்தான். மழையளவு, பயிர்ப்பரப்பு போன்ற எண்களை மூல ஆவணத்தில் பார்த்து எழுத வேண்டும். இன்னொருவர் ஏட்டிலிருந்து எண்ணை எடுத்துவிட்டு அரசு அறிக்கையை அடிக்குறிப்பில் காட்டுவது, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை இருந்தால் மாணவர் 6 மாதத்துக்குள் ஏட்டைத் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. பொது அறிவுச் செய்திகளும், தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போவதும் கணக்கில் சேரா. உரிய மேற்கோளுடன் காட்டியவையும் சேரா. இந்த விழுக்காட்டை நேர்மைச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது நம் கல்லூரிகளில் பரவியிருக்கும் பிழை. அதைக் கணக்கிடும் மென்பொருள் ஒப்பிடுவது பெரும்பாலும் சொல் வரிசையைத்தான். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிச் சேர்த்தால் அதன் கண்ணில் படாமலே போகலாம்.

தமிழ் மரபின் கணக்கு வேறாக இருந்தது. முன்னோர் சொற்களையே எடுத்தாள்வதை நன்னூல் தன் பாயிரத்தில் வெளிப்படையாகவே ஏற்கிறது. ஆனால் அந்நூலைப் படித்தவர்களுக்குத் தொல்காப்பியம் தெரியும். எந்த நூற்பா எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. இன்றைய ஆய்வேடு அந்தச் சலுகையைக் கோர முடியாது.

அச்சில் இல்லாத அறிவும் மேற்கோளுக்கு உரியதே. கொல்லிமலை உழவர்கள் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, செந்தினை என்று வகை பிரித்துச் சொல்கிறார்கள். எதை எந்த நிலத்தில் விதைப்பது என்பது அவர்கள் அறிவு. அதை ‘ஆய்வாளர் கண்டறிந்தது’ என்று அட்டவணையில் போடுவதை எந்த மென்பொருளும் பிடிக்காது. அகத்தியமலைக் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியபோது, உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதியை அம்மக்களுக்குத் தர ஒப்புக்கொண்டது. ஆய்வேட்டில் பணப் பங்கு வராது; சொன்னவர் பெயர், ஊர், நாள் வர வேண்டும். பெயர் வேண்டாம் என்பவருக்கு ஊரும் குறியீட்டு எண்ணும் போதும். ஒலிப்பதிவுக்குத் தந்த ஒப்புதல் பெயரை அச்சிடுவதற்கான ஒப்புதல் ஆகாது. இரண்டையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள்.