அறுந்த இழையும் ஒரு காவலனும்

நம்ம சங்கரன்கோவில்காரர்களுக்கு விசைத்தறிச் சத்தம் புதிதல்ல. இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் என்ன ஆகும்? துணி பாழ்! இதற்காகவே இழை அறுந்ததும் தானே நின்றுவிடும் தறியை உருவாக்கினார் ஜப்பானின் சாகிச்சி டொயோடா. 1924-ல் வந்த அவரது 'ஜி' வகைத் தறி உலகப் புகழ் பெற்றது.

கம்ப்யூட்டருக்கு இந்தப் பாடம் தாமதமாகத்தான் வந்தது. யுனிக்ஸில் ஒரு புரோகிராம் தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டால், கெர்னல் அதை அங்கேயே நிறுத்திவிடும். அப்போது நினைவகம் இருந்த நிலையை 'கோர்' என்னும் ஃபைலில் எழுதி வைக்கும். அக்கால நினைவகத்தின் காந்த வளையங்களுக்குக் 'கோர்' என்று பெயர். அதுவே ஃபைலுக்கும் ஆயிற்று. டெர்மினலில் ஒரு வரித் தகவலும் வரும். ஆனால் ஐகானை அழுத்தி வேலை செய்யும் காலம் வந்ததும் அந்த வரியைப் பார்க்க ஆளில்லை. ஜன்னல் பட்டென்று மறையும், அவ்வளவுதான்! என்னாச்சு, ஏன் போச்சு, ஒன்றும் புரியாது. பயனாளி தன் கைத்தவறு என்று நினைப்பார். புரோகிராம் எழுதியவருக்கோ சேதியே போகாது.

இக்குறையைத் தீர்க்க வந்தது, பின்னணியில் விழித்திருக்கும் 'டீமன்'. பேய் என்று பயப்பட வேண்டாம்! இயற்பியலறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த குட்டிப் பூதத்தின் பெயரை, 1963-ல் எம்.ஐ.டி.யின் புராஜெக்ட் மாக் குழுவினர் தங்கள் பின்னணிப் புரோகிராம்களுக்கு வைத்தனர்.

2006 அக்டோபரில் உபுண்டு 6.10-உடன் 'அப்போர்ட்' வந்தது. அதே ஆண்டு லினக்ஸ் கெர்னல் 2.6.19, கோர் தகவலை நேரே இன்னொரு புரோகிராமின் கையில் கொடுக்க வழி செய்தது. 2009-ல் ஃபெடோரா 12-ல் 'ஏ.பி.ஆர்.டி.' வந்தது. டீமன் பழுதைப் பிடித்து வைக்கும். திரையில் அறிவிப்பு தோன்றும். விவரத்தை அனுப்பலாமா என்று பயனாளியைக் கேட்கும்.

அந்தக் கேள்விதான் முக்கியம். நினைவகத்தில் உங்கள் பாஸ்வேர்டும் இருக்கலாம், சொந்தக் கடிதமும் இருக்கலாம். 2025 மே மாதம் அப்போர்ட்டிலும் சிஸ்டம்டி-கோர்டம்ப்பிலும் ஓட்டைகள் இருப்பதைக் குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்டார்கள். அதே கணினியைப் பயன்படுத்தும் இன்னொருவர், கோர் வழியாகப் பாஸ்வேர்டுகளின் ஹாஷ் வடிவத்தை எடுத்துவிட முடியும் என்று காட்டினார்கள். காவல்காரனே சாவியைத் தவறவிட்ட கதை! திருத்தங்களும் உடனே வந்தன.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, புரோகிராம் எழுதும்போதே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது விழுந்தால் யாரிடம் சொல்லும்? சொல்லும்போது யாருடைய எதைக் கூடவே எடுத்துப் போகும்? அறுந்தது தெரிந்தால்தானே இழையை முடிந்து, தறியை மறுபடி ஓட்ட முடியும்!